ஆற்றல் பாடத் தேர்வுக்கு முன்னால் அந்தப் பந்தைக் கொஞ்சம் கீழே போடுங்கள்

தொடக்க வகுப்பு அறிவியலில் ஆற்றல் பாடத்துக்குத் தேர்வு என்றதும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். "வேலை செய்யும் திறன் ஆற்றல் எனப்படும்" என்று குழந்தை திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். அப்புறம் வகைகள்: இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், வெப்பம், ஒளி, ஒலி, மின்னாற்றல், வேதி ஆற்றல். பட்டியல் தடுமாறாமல் வந்துவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவோம்.

அந்தக் குழந்தையிடமே அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பந்தைக் காட்டி, "இதுக்கு ஆற்றல் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்ல, அது சும்மாதானே இருக்கு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உயரத்தில் இருப்பதாலேயே அதற்கு நிலை ஆற்றல் இருக்கிறது. வரையறையை ஒரு எழுத்து பிசகாமல் சொன்ன குழந்தைதான் இது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தேர்வில் மதிப்பெண் போவதும் இங்கேதான். படத்தைக் கொடுத்து "என்ன ஆற்றல் மாற்றம் நடக்கிறது?" என்று கேட்டால் பட்டியல் கைகொடுக்காது.

என் கருத்தில், இந்தப் பாடத்துக்குத் தயார் செய்ய ஒரே கேள்வி போதும்: எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். "பேட்டரிக்குள்ள கரண்ட் இருக்கு" என்பார்கள். உள்ளே இருப்பது வேதிப்பொருள்கள். அவற்றில் இருக்கும் வேதி ஆற்றல்தான் மின்னாற்றலாக மாறி, பிறகு ஒளியாகிறது. வெறும் ஒளி மட்டும்தானா? பழைய குண்டு பல்பின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும் (தொட விடாதீர்கள்). அது வாங்கிய மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே போகிறது. எல்இடி விளக்கில் இந்த விரயம் குறைவு. இவ்வளவையும் பேசிய குழந்தை "மின்னாற்றல், ஒளி ஆற்றல், வெப்ப ஆற்றல்" என்று தானாகவே எழுதும்.

கடினமான இடம் இன்னொன்று. "ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது" என்ற வரியைப் பிள்ளைகள் அழகாகச் சொல்வார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள். நம்பாததில் நியாயமும் இருக்கிறது. பேட்டரி தீர்ந்துபோச்சு, பெட்ரோல் தீர்ந்துபோச்சு என்றுதானே நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம்.

இதற்கு ஒரு பந்தும் பென்சிலும் வேண்டும். சுவரில் 1 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து பந்தை விடச் சொல்லுங்கள். முதல் துள்ளல் எதுவரை வந்தது, இரண்டாவது எதுவரை என்று குழந்தையே கோடு போடட்டும். கோடுகள் இறங்கிக்கொண்டே வரும், கடைசியில் பந்து நின்றுவிடும். "தீர்ந்துபோச்சு!" என்று குழந்தை சொல்லும். அந்த இடத்தில் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். "டொப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சே, அது எங்கிருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு பங்கு ஒலியாகப் போயிருக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கும். மீதி? பந்தும் தரையும் துளியளவு சூடாகியிருக்கின்றன.

"தொட்டுப் பார்த்தா சூடா இல்லையே" என்று புத்திசாலிப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். கேட்க வேண்டும். 100 கிராம் பொருளை 1 மீட்டர் தூக்கினால் அதில் சேரும் ஆற்றல் ஏறக்குறைய 1 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க 4.2 ஜூல் தேவை. அதாவது நம் பந்து 100 கிராம் எடை என்றால், அது விழுந்த ஆற்றல் மொத்தமும் சேர்ந்தால்கூட 1 கிராம் தண்ணீரைக் கால் டிகிரி சூடாக்கப் போதாது. கைக்கு எப்படித் தெரியும்? விழும் எடையைக் கொண்டு தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழலவிட்டு, அந்தச் சிறிய சூட்டை 1840களில் பொறுமையாக அளந்தவர் ஜேம்ஸ் ஜூல். அலகுக்கு அவர் பெயர் வந்தது சும்மா இல்லை. இந்தக் கணக்கு பிள்ளைகளுக்குத் தேவையில்லை. சொல்லிக்கொடுக்கும் நமக்குத் தேவை.

பிள்ளைகளுக்கு ரப்பர் பேண்டு போதும். பட்டையான ஒன்றை உதட்டில் வைத்து வெடுக்கென்று இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பு தெரியும். அப்படியே சில நொடி பிடித்திருந்துவிட்டுத் தளர்த்தினால் குளிர்ச்சி தெரியும். இழுத்த கையின் வேலை எங்கே போனது என்பதற்கு அந்த உதடே சாட்சி. கண்ணில் தெறிக்காமல் மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப்பிக்கத்தக்க, புதுப்பிக்க இயலாத ஆற்றல் வளங்களை ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும். அதில் இவ்வளவு குழப்பம் வருவதில்லை.

தேர்வுக்கு முந்தைய இரவில் பாடத்தை மறுபடி மறுபடி வாசிக்க வைப்பதும் எனக்குப் பிடிக்காது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். வாசித்த கையோடு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. அதனால் சில நாள் முன்பே வெள்ளைத்தாளைக் கொடுத்து, எந்த ஆற்றல் எதுவாக மாறுகிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். மின்விசிறி, மணி, மெழுகுவத்தி, எது வேண்டுமானாலும் சரி. "நீ ஓடுறியே, அந்த ஆற்றல் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். சாப்பாடு, அதற்கு முன்னால் செடி, அதற்கும் முன்னால் சூரியன் என்று போய் நிற்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! வரையறையைக் கடைசியாகச் சொல்லிக்கொடுங்கள். அப்போது அது ஐந்து நிமிட வேலை.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். விடைக்குறிப்பில் "மின்னாற்றல் → ஒளி ஆற்றல்" என்று மட்டும் இருக்கும். ஒரு குழந்தை கூடவே இன்னொரு அம்பு போட்டு "வெப்பம்" என்று எழுதியிருந்தால் தயவுசெய்து அதை அடித்துவிடாதீர்கள். முழு மதிப்பெண் போடுங்கள்.