92 வினாடிகள் கேட்க முடியாதா?

மருத்துவரிடம் போவதற்கு முன்பு, தமக்கு என்னென்ன செய்கிறது என்பதை என் அம்மா இரண்டு நாள்களாக மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்கிறார். ஆனால் அங்கே அமர்ந்து, முழங்கால் வலிக்கிறது என்று தொடங்கிய உடனேயே மருந்துச் சீட்டில் பேனா ஓடத் தொடங்கிவிடுகிறது. எதிரே இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காதபோது, எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம் உடலைப் பற்றி எப்படி மேற்கொண்டு பேசுவார்?

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து 1984இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளிலேயே மருத்துவர் குறுக்கிட்டது தெரியவந்தது. வெளியே கூட்டம் காத்திருக்கிறது, நேரமில்லை என்பார்கள். கூட்டம் இருப்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுவிட்சர்லாந்தில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், குறுக்கிடாமல் விட்டபோது நோயாளிகள் சராசரியாக 92 வினாடிகளில் தாமாகவே பேசி முடித்திருக்கிறார்கள். அந்த ஒன்றரை நிமிடத்தைக்கூடத் தர மனம் வரவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

கேட்பது என்பது வாய்மூடி இருப்பது மட்டுமன்று, சொன்னதைத் திரும்பச் சொல்லி, "இப்படித்தானே அம்மா?" என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டால், மருந்து உள்ளே போவதற்கு முன்பே பாதி பாரம் இறங்கிவிடும். சென்ற முறை பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான், இரவில் எழும்போது தலை சுற்றுவதாகவும், அதைச் சொல்லத்தான் அன்று முக்கியமாகப் போனதாகவும் அம்மா என்னிடம் சொன்னார்.