‘அமேசிங் கிரேஸ்’: பிராஸ் எந்தச் சரணத்தில் ஊத வேண்டும்?

‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டை க்வயர் (பாடகர் குழு), ஆர்கன், பிராஸ் (பித்தளை ஊதுவாத்தியங்கள்) மூன்றுக்கும் சேர்த்து எழுதுகிறவர்கள் பலர் முதல் சரணத்திலேயே எல்லாரையும் இறக்கிவிடுகிறார்கள். பாட்டு அங்கேயே அமுங்கிப்போகிறது. ஐந்து பித்தளை வாத்தியங்கள் வந்திருக்கின்றன என்பதற்காக ஐந்து சரணத்திலும் ஊத வேண்டியதில்லை.

ஜான் நியூட்டனின் வரிகள் அச்சேறியது 1779-ல். இன்று நாம் பாடும் ‘நியூ பிரிட்டன்’ என்ற அமெரிக்க நாட்டார் மெட்டோடு அவற்றைச் சேர்த்தவர் வில்லியம் வாக்கர், 1835-ல், ‘சதர்ன் ஹார்மனி’ தொகுப்பில். அதில் மூன்றே குரல்கள். மெட்டு நடுக்குரலான டெனரில். சுரங்களும் ஐந்துதான்: ச ரி க ப த. நம் காதுக்கு அது மோகனம். ம, நி இரண்டும் கிடையாது. ஆனால் ஹார்மனி எழுத உட்கார்ந்ததும் கை பழக்கத்தில் டாமினன்ட் செவன்த் கார்டுக்கு (ப, நி, ரி, ம சேர்ந்த கூட்டுச் சுரத்துக்கு) போகும். அந்தக் கார்டு கொண்டுவருவதே அந்த ம-வையும் நி-யையும்தான். வரிக்கு வரி அதைப் போட்டால் நாட்டுப்பாடல் மறைந்து, எல்லாப் பாமாலையையும் போல ஒன்றாகிவிடும்.

எஃப் மேஜரில் தொடங்குவது நல்லது. முதல் சரணம் ஆண்குரல் மட்டும், காலால் மிதிக்கும் ஆர்கன் பெடலில் எஃப்-சி சுருதி. இரண்டாவதில் வாக்கரின் வழி: மூன்று குரல், மெட்டு டெனரில், பெண்களில் சிலர் அதையே ஒரு ஸ்தாயி மேலே பாடட்டும். மூன்றாவது நான்கு குரல், ஆர்கனில் எட்டடி ஸ்டாப் (எழுதிய உயரத்திலேயே ஒலிக்கும் குழாய் வரிசை) மட்டும். நான்காவதில் ஹார்னும் டிராம்போனும் மெதுவாக நுழையலாம். டிரம்பெட்டுக்கு அதுவரை வேலையில்லை.

பிறகு நான்கு பார் இடையிசை, ஏ ஃபிளாட்டுக்கு ஏற. சி சுரம் இரண்டு ஸ்கேலுக்கும் பொது. ஹார்ன் அதைப் பிடித்துக்கொண்டிருக்க, டியூபா எஃப், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் என்று நகர்ந்தால் போதும். இந்த வாத்தியங்கள் சிலவற்றில் எழுதும் சுரம் வேறு, ஒலிக்கும் சுரம் வேறு: பி ஃபிளாட் டிரம்பெட்டுக்கு ஏ ஃபிளாட் பி ஃபிளாட் ஸ்கேலாக எழுதப்படும், எஃப் ஹார்னுக்கு ஈ ஃபிளாட். விரலுக்கு இரண்டும் சுலபம். ஏ ஃபிளாட்டுக்குப் பதில் ஜி-க்கு ஏறினால் டிரம்பெட்காரருக்கு மூன்று ஷார்ப்.

கடைசிச் சரணத்தில் சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) டெஸ்கன்ட், அதாவது மெட்டுக்கு மேலே தனி மெட்டு, பாடும்போது முதல் டிரம்பெட்டை அதே உயரத்தில் எழுதாதீர்கள், வார்த்தை ஒன்றும் கேட்காது. சபை பாடும் மெட்டை, சபையின் உயரத்திலேயே, அது வாசிக்கட்டும். டிராம்போன், டியூபாவின் கீழ்ச் சுரங்களில் அடிச்சுரத்திலிருந்து ஐந்தாவதும் எட்டாவதும் மட்டும். அங்கே மூன்றாவது சேர்ந்தால் கொழகொழவென்று கலங்கும். ஆர்கனின் டிரம்பெட் ஸ்டாப்பையும் மூடிவிடுங்கள். உண்மையான டிரம்பெட் பக்கத்திலேயே இருக்கிறதே!

சுருதி தனித் தொல்லை. குழாய் ஆர்கன் வெயிலில் ஏறும்: பத்து டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய முப்பது சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). நம் ஊர்த் தேவாலயங்களில் இருக்கும் எலக்ட்ரானிக் ஆர்கனோ ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற அளவிலேயே நிற்கும். சூட்டில் பிராஸ்தான் ஏறும். ஆராதனைக்கு முன் பத்து நிமிடம் ஊதி, அதே இடத்தில், அதே சூட்டில் சுருதி பார்த்து ஸ்லைடை இழுக்க வேண்டும். காலையில் வேறு அறையில் பார்த்த சுருதி உதவாது.

அதிகம் குழம்புவது சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில். மூன்று தட்டுத் தாளத்தில் மெட்டு மூன்றாம் தட்டில் எடுப்பதால் கடைசிச் சுரம் ஐந்து தட்டு நிற்க வேண்டும். சபை மூன்றிலேயே விட்டுவிடும், பிராஸ் ஐந்தையும் ஊதி மூச்சில்லாமல் அடுத்த எடுப்பில் பிந்தும். மூன்று தட்டு சுரம், இரண்டு தட்டு மௌனம் என்று எல்லா பார்ட்டிலும் எழுதிவிடுங்கள். பிராஸ் ஆர்கனிலிருந்து பதினேழு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி வந்து சேரவே நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அங்கே காதை நம்பக் கூடாது, கண் கண்டக்டரின் கையில் இருக்க வேண்டும்.