இரண்டாவது கணக்கில் இருந்தவர்கள்

கொரோனா சமயத்தில் சிங்கப்பூர் அரசு தினமும் இரண்டு கணக்கு சொன்னது. சமூகத்தில் இத்தனை பேர், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் இத்தனை பேர். என் சித்தப்பா மகன் இரண்டாவது கணக்கைச் சேர்ந்தவன். தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் சித்தி டிவியைப் பார்த்துவிட்டு, "வெளியில ரொம்பக் குறைஞ்சிருச்சாம்டி" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவார். அந்தக் கணக்கில் தம்பி சேர்த்தி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் வீடியோவில் அவன் அறையைக் காட்டினான். பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில்கள், கைலியைக் கட்டி மறைப்பு. மதியம் வந்த சோற்றுப் பொட்டலத்தில் பாதியை ராத்திரிக்கு எடுத்து வைத்திருந்தான். "ஒரு மீட்டர் தள்ளி நிக்கச் சொல்றாங்கக்கா. எங்க போயி நிக்கிறது?" என்றான்.

2020 டிசம்பரில் வந்த கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. சிகிச்சை இலவசம்தான், சாவும் மிகக் குறைவுதான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2020 ஜூலை 10-ல் அங்கே பொதுத்தேர்தலே நடந்தது. விடுதிக்காரர்கள் நிலைமை என்ன? 2021 செப்டம்பரில்தான், வாரத்துக்கு 500 பேர் வரை, இந்தியக் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா போய் வரலாம் என்று சோதனை முயற்சியாகத் திறந்துவிட்டார்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடு அது. குடியுரிமை உள்ள தமிழர் அங்கே சிராங்கூன் சாலையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, வொர்க் பெர்மிட் தமிழன் வேலைக்கும் விடுதிக்குமாகப் பூட்டிக் கிடந்தான். ஓட்டுள்ளவர்களை இப்படி ஒன்றரை வருஷம் அடைத்து வைத்திருக்க எந்த அரசுக்காவது துணிச்சல் வருமா?

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு ஓட்டு இருக்கிறது. ஆனாலும் வெள்ளையரைவிட அவர்கள்தான் கூடுதல் விகிதத்தில் செத்தார்கள். பஸ் ஓட்டுவதையும் இறைச்சி வெட்டுவதையும் வீட்டிலிருந்து செய்ய முடியாதே. ஆக, ஓட்டு மட்டும் போதாது. அதுவும் இல்லாதவனுக்கு யார் இருக்கிறார்கள்?

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பர்மாவுக்குக் கப்பலேறிப் போய்ச் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடு. பர்மா தேக்குத் தூண்கள். ஆத்தங்குடிக் கல் பதிக்க ஒடிசாப் பையன்கள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு அறிவிப்பு, பன்னிரண்டு மணிக்கு ஊரடங்கு. பின்கட்டில் மாட்டிக்கொண்டார்கள். ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். அவர்கள் கார்டோ ஒடிசாவில். தெருக்குழாயில் அவர்கள் நின்றால் எங்கள் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். நானும் விலகினேன். அன்று சாயங்காலமே தம்பிக்காக அழுதேன். இரண்டும் ஒரே நாளில் நடந்தது என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஊருக்கு நடந்தே போனவர்களில் எத்தனை பேர் வழியில் இறந்தார்கள் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, தகவல் இல்லை என்றது அரசு. சிங்கப்பூர் தனியாகவாவது எண்ணியது. நாம் எண்ணவே இல்லை.

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். வாக்குச்சாவடி வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், கையில் சானிடைசர் ஊற்றினார்கள், உறை மாட்டிவிட்டார்கள். பட்டியலில் எனக்குக் கீழே தம்பி பெயர் இருந்தது. நேரில் வந்தால்தான் ஓட்டு. "வெளிநாடா?" என்று கேட்டுவிட்டு ஏஜென்ட் அடுத்த பெயருக்குப் போனார். திரும்பி வரும்போது அந்தப் பெரிய வீட்டு முகப்பில் ஒடிசாப் பையன்கள் வெறுங்கையோடு சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள்.