"நாள் பாத்துத்தான் இருந்தம்" என்று சொல்கிறவர்களுக்கு

மட்டக்களப்பில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. கர்ப்பம் பார்க்கிற காட் வாங்க வருகிற பெண்கள் அடிக்கடி சொல்கிற ஒரு வசனம் இருக்கிறது: "நாள் பாத்துத்தான் மிஸ் இருந்தம்." அவர்கள் பொய் சொல்வதில்லை. பிள்ளை தங்கும் என்று நினைக்கிற நாட்களுக்குக் கலண்டரில் வட்டம் போட்டு, புருஷனோடு சண்டை பிடித்தாவது அந்த நாட்களைத் தள்ளி வைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் தள்ளி வைத்த நாட்களே பிழையான நாட்களாக இருக்கும். அதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்க வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ ஒருவரும் இருக்கவில்லை. எனக்குக் கோபம் வருகிற இடம் அதுதான். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தக் கணக்கு. முட்டை வெளிவருவது போன மாதவிடாயிலிருந்து எண்ணி 14ஆம் நாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு முன்பு நடக்கிறது. 28 நாள் சுற்று உள்ளவருக்கு 14ஆம் நாள் சரி. 35 நாள் சுற்று என்றால் 21ஆம் நாள். 24 நாள் சுற்று என்றால் 10ஆம் நாளே வந்துவிடும். வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. ஆனால் ஆணின் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆக, 24 நாள் சுற்று உள்ள பெண்ணுக்கு 5ஆம், 6ஆம் நாளிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. மாதவிடாய் நின்று தலை முழுகின நாள்! "முழுகின கையோட ஒண்டும் நடக்காது" என்று தாய்மார் சொல்லி வைத்திருக்கிற அதே நாள்.

இன்னொரு சிக்கல், முட்டை எப்போது வெளிவரும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு காய்ச்சல், ஒரு செத்த வீடு, நித்திரையில்லாத நாலு இரவு போதும், அது பின்னுக்குத் தள்ளிப் போகும். நாள் தள்ளிப் போன பிறகுதான் கணக்குப் பிழைத்தது தெரியும். மாதாமாதம் ஒழுங்காக வருகிறவர்கள், முறையாகப் படித்து, உடம்புச் சூட்டையும் கசிவையும் தினம் பார்த்து எழுதுகிறவர்கள் இந்த வழியில் ஓரளவு சமாளிக்கலாம். வயல் வேலைக்கும் கடைக்கும் போய், மூன்று பிள்ளைகளையும் பார்க்கிற ஒரு பெண்ணிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, மற்ற வழிகள் எவ்வளவு நம்பகம்? நூறு தம்பதியர் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் பாவிக்காவிட்டால் அதில் 85 பேர் வரை கர்ப்பமாவார்கள். "நான் கவனமா வெளிய எடுத்திருவன்" என்று ஆண்கள் சொல்கிற வழியில் 20 பேர். ஆணுறையில் 13. தினமும் குடிக்கிற குளிசையில் 7. மூன்று மாத ஊசியில் 4. கர்ப்பப்பைக்குள் வைக்கிற லூப்பிலும் கையில் வைக்கிற குச்சியிலும் ஒருவருக்கும் குறைவு. இவை வெளிநாட்டு ஆய்வுகளில் மனிதர்கள் சாதாரணமாகப் பாவித்தபோது கண்ட எண்கள். அதே குளிசையை ஒரு நாளும் தவறாமல், ஒரே நேரத்தில் குடித்தால் நூறில் ஒருவருக்கும் குறைவுதான். ஒன்றுக்கும் ஏழுக்கும் இடையில் இருப்பது மறதி, குளிசைக் காட் முடிந்த நேரம் கடை பூட்டியிருந்தது, வயிற்றோட்டம், தாய் வீட்டுக்குப் போன அவசரம். நம் எல்லோருடைய வாழ்க்கையும் அப்படித்தான்.

அதனால் "எது மிச்சம் நல்லது மிஸ்?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களால் தினமும் ஞாபகம் வைக்க முடியுமா? முடியும் என்றால், பிரஷர் இல்லாவிட்டால், குளிசை நல்ல தெரிவு. முடியாது என்றால் நீங்கள் மறந்தாலும் அது மறக்காத ஒன்றைப் பாருங்கள். செம்பு லூப் பத்து வருஷம் வரை வேலை செய்யும். கையில் தோலுக்கடியில் வைக்கிற குச்சி வகையைப் பொறுத்து மூன்று தொடக்கம் ஐந்து வருஷம். இரண்டையும் நினைத்த நாளில் எடுக்கலாம், எடுத்த பிறகு பிள்ளை தங்குவதற்குத் தடையில்லை.

2016இல் நாடு முழுக்க எடுத்த குடும்ப சுகாதார ஆய்வில், திருமணமான பெண்களில் கிட்டத்தட்ட 65 வீதமானோர் ஏதோ ஒரு கருத்தடை வழியைப் பாவிப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் 11 வீதமளவு நாள் பார்ப்பதும் வெளியே எடுப்பதும்தான். தாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே ஆபத்தில் இருப்பவர்கள் இவர்கள்.

பால் கொடுக்கிற தாய்மாரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். "பால் குடுக்கிற காலத்தில தங்காது" என்பதில் பாதி உண்மை உண்டு. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்க்கு மாதவிடாய் திரும்ப வந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுத்திருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் நூறில் 98 பேருக்குப் பாதுகாப்புத்தான். மாமி நாலாம் மாதம் பிஸ்கட் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முட்டை வெளிவரலாம். "இன்னும் முழுகவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டு, தவழாத பிள்ளையை இடுப்பில் வைத்தபடி காட் வாங்க வருகிறார்கள். ஒரு பிள்ளை பிறந்து அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்ற ஊசியும் குச்சியும் லூப்பும் கிளினிக்கில் இருக்கின்றன. இரண்டு ஹோர்மோன் கலந்த சாதாரணக் குளிசையை மட்டும் அந்த ஆறு மாதத்துக்குத் தவிர்ப்பது நல்லது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு கதை, வெளிநாட்டில் இருக்கிற புருஷன்மார். கட்டார், சவூதி என்று இரண்டு வருஷம், பிறகு ஒன்றரை மாத லீவு. ஒரு தங்கச்சி புதன்கிழமை வந்து குளிசை கேட்டாள். வெள்ளிக்கிழமை விடிய அவர் வருகிறாராம். முகமெல்லாம் சந்தோசம். மாதவிடாய் வந்து எத்தனை நாள் என்று கேட்டேன், இரண்டு கிழமை என்றாள். குளிசையை மாதவிடாயின் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால் உடனே பாதுகாப்பு. அதற்குப் பிறகு தொடங்கினால் ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். அதைச் சொன்னபோது அவள் கண்ணாடி மேசையைப் பார்த்துக்கொண்டு, "அவருக்கிட்ட எப்பிடிச் சொல்ற மிஸ்?" என்றாள். நான் குளிசைக் காட்டோடு ஆணுறைப் பெட்டியையும் பேப்பர் பேக்கில் போட்டுக் கொடுத்தேன். டிக்கட் போட்ட செய்தி வந்த அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள் தங்கச்சிமாரே. புருஷன் அங்கே இருக்கும்போது எதற்கு என்று ஊர் கேட்டால் கேட்கட்டும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துப் பெண்களுக்கு ஊசியில் ஒரு கஷ்டம் உண்டு. மாரியில் தண்ணி ஏறி ரோட்டு மூடினால் ஊசித் தேதி தவறிவிடும். இரண்டு கிழமை பிந்திவிட்டது என்று பயந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். டெப்போ என்கிற அந்த மூன்று மாத ஊசியை நாலு கிழமை வரை பிந்தியும் போடலாம் என்றுதான் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. தண்ணி வற்றிய உடனே போங்கள். தேதி மழைக்குள் வருகிறதென்றால், மழை தொடங்க முதல் இரண்டு கிழமை முந்தியும் போடலாம்.

இனி அவசரக் குளிசை. இளம் பெடியன்கள் வந்து, மற்றவர்கள் போகும்வரை பல்பசை, சோப்பு என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு போனில் போஸ்டினோர் படத்தை எடுத்து, திரையை மேசையோடு சரித்துக் காட்டுவார்கள். அவர்களை நான் ஒன்றும் கேட்பதில்லை. வந்ததே நல்லது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் அனுப்புவேன். அந்தக் குளிசை முட்டை வெளிவருவதைப் பின்போடுகிறது, அவ்வளவுதான். முட்டை ஏற்கெனவே வந்துவிட்டால் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சேர்ந்த பிறகு 72 மணித்தியாலத்துக்குள் என்று பெட்டியில் இருந்தாலும் எவ்வளவு வேளைக்குக் குடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. குடித்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் திரும்பக் குடிக்க வேண்டும். தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. நாளைக்கும் அடுத்த கிழமைக்கும் சேர்த்துப் பாதுகாக்காது. அதைவிடப் பலமான அவசர வழி, ஐந்து நாளுக்குள் போடுகிற செம்பு லூப். இதை நம் ஊரில் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

மாதாமாதம் அவசரக் குளிசையையே நம்பி இருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையில் கவலை. அவர்களை அங்கே தள்ளியது நாம்தான். குடும்பநல உத்தியோகத்தரின், அதுதான் மிட்வைஃப் மிஸ்ஸின், பதிவேடு திருமணமான குடும்பங்களைச் சுற்றித்தான் இருக்கிறது. திருமணமாகாத பெண் கிளினிக் வாசலில் நின்றாலே பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை. பாமசியிலும் சிலர் "கலியாணம் முடிச்சிட்டியா?" என்று சத்தமாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பிள்ளை அடுத்த முறை வராது. ஆனால் கர்ப்பம் வரும். நம் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறெதற்கும் கருக்கலைப்புச் செய்ய முடியாது. அதனால் ஒளித்து விற்கிற குளிசைகளையும் பின்கதவு வீடுகளையும் தேடிப் போகிறார்கள். இரத்தப் போக்கோடு வைத்தியசாலைக்கு ஏற வேண்டி வந்தால் தயவுசெய்து பயந்து பிந்தாதீர்கள். உயிர் முக்கியம்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக் கறியில் கிடந்த கட்டியை "மலட்டுக் குளிசை" என்று சொல்லி, வீடியோ பரப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்ததில் அது மாக்கட்டி. ஒருவரை நிரந்தரமாக மலடாக்குகிற குளிசை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. தினமும் குடிக்கிற குளிசையே இரண்டு மூன்று நாள் விட்டால் பலனிழக்கிறது, அப்படியிருக்க ஒரு பிடி சோற்றில் எப்படி? கருத்தடை எப்படி வேலை செய்கிறது என்று அந்த ஊரில் பத்துப் பேருக்காவது தெரிந்து, துணிந்து சொல்லியிருந்தால் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. 2013இல் கிளிநொச்சியில் சில கிராமத்துப் பெண்களுக்கு ஒழுங்காக விளக்காமல் கையில் குச்சி வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. யுத்தத்தில் இவ்வளவு சனத்தைப் பறிகொடுத்த பிறகு, "நம்மளக் குறைக்கப் பாக்கிறாங்கள்" என்று ஒரு தாய் நினைப்பதை நான் பழிக்க மாட்டேன். தமிழ்ச் சனமும் நினைக்கிறது, காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் முஸ்லிம் சனமும் நினைக்கிறது. அதற்காகத்தான் பெண்கள் கேட்க வேண்டும் என்கிறேன். என்ன வைக்கிறீர்கள், எத்தனை வருஷம், எனக்கு வேண்டாம் என்றால் எப்போது எடுப்பீர்கள், இதைவிட வேறென்ன இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வராமல் கையை நீட்டாதீர்கள். பிள்ளை வேண்டும் என்று முடிவெடுப்பதும் இதே உரிமைதான். எத்தனை என்பதை இனமோ மாமியோ முடிவெடுக்க முடியாது.

"லூப் நெஞ்சுக்கு ஏறுமாமே, என்னகா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். ஏறாது, அது கர்ப்பப்பைக்குள் இருப்பது, அங்கிருந்து நெஞ்சுக்குப் பாதை இல்லை. முதல் சில மாதம் இரத்தப் போக்கு கூடலாம், வயிறு பிடிக்கலாம், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி போட்டால் மாதவிடாய் ஒழுங்கு கெடும், பலருக்கு நின்றே போகும். கெட்ட இரத்தம் உள்ளே தேங்குவதில்லை, கர்ப்பப்பையின் உட்படலம் தடிக்காததால் வெளியேற ஒன்றும் இல்லை. ஊசியை நிறுத்திய பிறகு பிள்ளை தங்குவதற்குச் சில மாதங்கள் பிந்தும் என்பது மட்டும் உண்மை. ஆறு மாதத்தில் பிள்ளை வேண்டும் என்று திட்டமிடுகிறவர்கள் ஊசியைத் தெரிவு செய்ய வேண்டாம்.

ஆண்களுக்கு. ஆணுறை ஒன்றுதான் எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளிலிருந்தும் காப்பாற்றும். இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டால், ஆணுக்குச் செய்கிற சத்திரசிகிச்சை பெண்ணுக்குச் செய்வதைவிடச் சின்னது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆண்மை குறையாது, பாரம் தூக்கவும் வயல் செய்யவும் தடையில்லை. மூன்று மாதம் வரை மட்டும் வேறு வழியும் சேர்த்துப் பாவிக்க வேண்டும். மூன்று பிள்ளைப்பேறு பார்த்த உடம்பையே நாலாவது முறையும் கத்திக்கு அனுப்பாமல், ஒரு முறை நீங்கள் போங்கள் தம்பிமாரே, அண்ணன்மாரே.

குளிசை, ஆணுறை, ஊசி, லூப், குச்சி பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கில் கேளுங்கள். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் சொந்தக்காரியாக இருந்து கூச்சமாக இருந்தால், பக்கத்துப் பிரிவுக்கோ வைத்தியசாலைக் கிளினிக்குக்கோ போய் விசாரியுங்கள். போகும்போது நீங்கள் குடிக்கிற எல்லா மருந்தின் காட்டையும் கொண்டு போங்கள். காசநோய்க்குக் கொடுக்கிற ரிபம்பிசினும் வலிப்புக்கான சில குளிசைகளும் கருத்தடைக் குளிசை, குச்சி இரண்டின் பலனையும் குறைக்கும். பிரஷர், ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், கால் நரம்பில் இரத்தம் கட்டியது, இவற்றில் ஏதாவது இருந்தால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நாள் தள்ளிப் போயிருந்தால் அன்றைக்கே காட் போட்டுப் பார்க்கலாம். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் சேர்ந்த நாளிலிருந்து மூன்று கிழமை கழித்துப் பாருங்கள், அதற்கு முதல் இல்லை என்று காட்டினால் நம்ப வேண்டாம்.