ஊர்ப் புத்தகம் இருக்கிறது, ஊரின் பெட்டி எங்கே?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு சிற்றூரின் நூலகத்திற்குப் போய் அவ்வூரின் வரலாற்றைக் கேட்டால், பெரும்பாலும் தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். 1905இல் உருவான அந்த மாகாணம் 1955இல் பொன்விழாவையும் 1980இல் பவள விழாவையும் கொண்டாடியதையொட்டி நூற்றுக்கணக்கான ஊர்களில் இத்தகைய புத்தகங்கள் எழுதப்பட்டன. குடும்பத்தார் தாமே எழுதிக் கொடுத்த கதைகள் அவற்றில் அகரவரிசையில் இருக்கும். எந்த ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள், புல்மண் கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தார்கள், எந்த ஆண்டு ஆலங்கட்டி மழை கோதுமையை அழித்தது என்பதையெல்லாம் வேறெங்கும் படிக்க முடியாது. அவற்றைத் தொகுத்தவர்கள் ஊதியமின்றி உழைத்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 'அதுதான் புத்தகமே வந்துவிட்டதே' என்ற நிம்மதியில், அப்புத்தகத்திற்குப் பின்னால் இருந்த காகிதங்களைக் கைவிட்டுவிடுவது பெருந்தவறு என்பதே என் கருத்து.

எழுதிக் கொடுக்க ஆள் இருந்தவர்களே ஊர்ப் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். 1872ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி 10 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்தி 160 ஏக்கரைப் பெற்றவர்களில், வறட்சியிலும் கடனிலும் தோற்று வெளியேறியவர்கள் கணிசமானவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் 1980இல் அந்த ஊரில் இல்லை. பிரெய்ரி என்னும் இந்தப் புல்வெளிச் சமவெளியின் சிற்றூர்கள் பலவற்றின் பிரதான வீதியில் ஒரு சீனர் நடத்திய உணவகம் இருந்தது. 1903 முதல் நாட்டுக்குள் குடியேற வந்த சீனரிடம் தலைக்கு 500 டாலர் வரி வாங்கிய அரசு, 1923 முதல் 1947 வரை அவர்களின் குடியேற்றத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிட்டது. மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வழியில்லாமல் தனியாகவே முதுமையடைந்த அந்த மனிதருக்காகக் குடும்பக் கதை எழுத யார் இருந்திருப்பார்கள்? ஊராரின் நினைவுக் குறிப்புகளில் அவர் ஒரு தட்டுச் சோறாகவோ ஒரு வேடிக்கைப் பெயராகவோ மட்டும் வந்துபோகிறார்.

ஆனால் காகிதங்களில் அவர் இருக்கிறார். சொத்துவரிப் பதிவேட்டில் அவர் செலுத்திய தொகை இருக்கிறது. மளிகைக் கடையின் பற்றுக் கணக்கில் அவர் வாங்கிய மாவும் தேயிலையும் இருக்கின்றன. சென்ற ஆண்டு நான் போயிருந்த ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்தில், பழைய ரயில் நிலையக் கட்டடத்தின் பின்னறையில், இத்தகைய பேரேடுகள் ஆப்பிள் பெட்டிகளில் கிடந்தன. 1930களின் வறட்சியில் யாருக்கு எத்தனை டன் நிலக்கரி நிவாரணமாகக் கொடுக்கப்பட்டது என்று ஊராட்சிச் செயலர் அழகிய கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். புத்தகத்தில் 'கஷ்டப்பட்டோம், ஆனால் யாரிடமும் கையேந்தவில்லை' என்று எழுதிய குடும்பங்களில் சிலவற்றின் பெயர்களை அந்தப் பட்டியலில் பார்த்தேன். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தந்தை பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தப் பேரேடு இல்லாவிட்டால் அந்த மௌனம் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

1931இல் 9,21,785 மக்களோடு கனடாவின் மூன்றாவது பெரிய மாகாணமாக இருந்தது சஸ்காச்சுவான். வறட்சியும், இயந்திர வேளாண்மையும், 1995இல் தானியத்திற்கான ரயில் சரக்குக் கட்டணச் சலுகை முடிவுக்கு வந்தபின் விரைவாக மூடப்பட்ட கிளை ரயில் பாதைகளும் சிற்றூர்களைக் கரைத்தன. ரயிலில் ஏற்றும்வரை தானியத்தைச் சேமித்து வைக்கும் உயரமான தானியக் கோபுரம் இடிக்கப்படும்போது ஊரே கூடி நின்று படம் எடுக்கிறது. ஃபிளெமிங் என்ற ஊரில் 1895இல் கட்டிய கோபுரம் 2010இல் எரிந்தபோது அது செய்தியாயிற்று. ஆனால் மகளிர் மன்றத்தின் கடைசிச் செயலர் இறந்து, வீட்டை விற்க வந்த பிள்ளைகள் நாற்பதாண்டுக் கூட்டக் குறிப்பேடுகளைக் குப்பை மேட்டில் கொட்டினால், அது யார் கண்ணிலும் படுவதில்லை.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். யாருடையது, எந்த ஆண்டு என்ற குறிப்பில்லாத ஸ்கேன் கோப்பு, பெயர் எழுதாத பழைய புகைப்படத்தைப் போலத்தான். போதாக்குறைக்கு, அதை வைத்திருக்கும் கணினியும் பத்தாண்டில் பழுதாகிவிடும். முதலில் வேண்டியது விவரப் பட்டியல். சஸ்காச்சுவான் காப்பகங்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரிசாஸ்க் என்ற இணையப் பட்டியலில் ஒரு பெட்டியைப் பற்றி நான்கு வரி இருந்தாலே, தேடுபவர் வந்து சேர்ந்துவிடுவார். துருப்பிடிக்கும் கிளிப்புகளைக் கழற்றுவதும், அமிலம் ஊறிய செய்தித்தாள் நறுக்குகளைத் தனியே வைப்பதும், வினிகர் வாடை வீசும் பழைய ஃபிலிம் சுருள்களை மற்றவற்றிலிருந்து பிரிப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. மூலங்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் என் நிலைப்பாடு இதுதான்: சாவி வைத்திருக்க ஒருவரும் ஈரம் கசியாத ஓர் அறையும் உள்ளவரை ஊரிலேயே இருக்கட்டும், அந்த ஒருவருக்குப் பின் ஆள் இல்லையென்றால், அவர் இருக்கும்போதே பெரிய காப்பகத்துடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பொறுப்பும் உண்டு. ஊர்ப் புத்தகங்கள் பலவும் ரயில் வந்த ஆண்டிலிருந்து தொடங்குகின்றன; ஆனால் அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகளுடன் அரசு செய்த நான்காம் உடன்படிக்கை 1874ஆம் ஆண்டினது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 2015இல் வெளியிட்ட 94 பரிந்துரைகளில் 77ஆவதில், சமுதாயக் காப்பகங்களையும் பெயர் சொல்லி அழைத்து, அப்பள்ளிகள் தொடர்பான பதிவுகளின் நகல்களைத் உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்திற்குத் திரட்டித் தர ஒத்துழைக்குமாறு கேட்டது. ஒரு தேவாலய நிலவறையிலோ, பள்ளிக்குப் பால் விற்றவரின் கணக்கிலோ ஒரு பிள்ளையின் இருப்பைக் காட்டும் தாள் கிடக்கக்கூடும். பெட்டியைத் திறந்து பார்க்காதவரை அதை யாரும் அறிய முடியாது.

நான் சென்ற ஊரில் இன்று பெட்ரோல் நிலையத்தை நடத்துவது பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு குடும்பம். அருங்காட்சியகத்தில் அவர்களைப் பற்றி ஒரு தாளும் இல்லை. அடுத்த கோடையில் போகும்போது, கடை திறந்த நாளில் எடுத்த படம் ஒன்று இருந்தால், அதன் பின்புறத்தில் பெயர்களையும் தேதியையும் பென்சிலால் எழுதித் தருமாறு கேட்கப் போகிறேன்.