நோம்பி சீசனுக்கு முன்னால் நம் கலைக்குழுக்களிடம் ஒரு வேண்டுகோள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் கலைக்குழு வைத்திருக்கிறவர்களும், கலைச் சங்கங்களில் செயலாளர், பொருளாளர் பொறுப்பில் இருக்கிறவர்களும் இந்தப் பதிவைக் கடைசிவரை படியுங்கள். நீளமாகத்தான் இருக்கும். மாரியம்மன் நோம்பி (திருவிழா) தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு சில விவரங்களை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

நிதி கேட்டுப் போகும் இடத்தில் முதல் கேள்வியே, கடந்த மூன்று வருடத்தில் எத்தனை நிகழ்ச்சி, எத்தனை கலைஞர்கள், எத்தனை பேருக்குப் பயன், பெண்கள் எத்தனை பேர் என்பதுதான். நம் சங்கங்களின் பீரோவைத் திறந்தால் திருவிழா நோட்டீஸ், பொன்னாடை போட்ட போட்டோ, பத்திரிகைத் துணுக்கு இருக்கும். கலைஞர்களின் அருமை அதில் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருக்காது. அதனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. நிதிக்கு வழி இல்லாமல் இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, தகுதி வரம்புக்குள் வரும் கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் கலை, பண்பாடு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அந்தச் சட்டம் சொல்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வட்டாரம் என்றால் நாம்தானே?

எல்லையில் இருப்பதால் நம் சிக்கல் இன்னும் கூடுதல். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். இவர்களில் உருமி அடிக்கிறவர், கும்மி பாடுகிறவர், காவடி எடுக்கிறவர், கம்பத்தாட்டம் ஆடுகிறவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. ரேஷன் கார்டு சிற்றூர் தாலுகாவில், ஆட்டம் முழுக்கப் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் என்று வாழும் கலைஞர்கள் நம்மிடம் நிறைய. தமிழ்நாட்டின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அந்த மாநிலத்தாருக்கு. கேரள ஃபோக்லோர் அகாடமி இருப்பது கண்ணூரில், அதன் பார்வை வடகேரளத்துத் தெய்யம் ஆட்டத்தின் பக்கம் போவது இயல்பு. இடையில் நிற்கிற நம் ஆள் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போகிறார்.

சங்கங்களை எண்ணலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. சிற்றூர் பழைய கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. அதனால் இங்கே பதிவு 1955-ஆம் வருடத்துத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டப்படி. பக்கத்துப் பாலக்காடு தாலுகா மலபாரில் இருந்ததால் அங்கே 1860-ஆம் வருடத்துச் சட்டம். எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் 1975 சட்டம். ஒரே நோம்பியில் ஒரே மேடையில் ஆடும் மூன்று குழுக்கள் மூன்று சட்டப்படி கணக்குக் கொடுக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்க்கிற அலுவலகம் என்று ஒன்று கிடையாது. நாமே பார்த்தால்தான் உண்டு.

எண்ணிப் பார்த்தவர்களுக்கு என்ன தெரியவந்தது என்பதற்கு வங்காளத்தைச் சொல்லலாம். 2019 துர்கா பூஜையைப் பற்றி, மேற்கு வங்கச் சுற்றுலாத் துறைக்காக பிரிட்டிஷ் கவுன்சில் ஓர் ஆய்வு நடத்தியது. அந்தப் பூஜையைச் சுற்றி நடந்த பொருளாதாரம் 32,377 கோடி ரூபாய், மாநில உற்பத்தியில் 2.58 சதவீதம் என்று வந்தது. பூஜை என்றால் செலவு என்று பேசியவர்களும் இனி அந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தத் தொகையைப் பிரித்தும் பார்க்க வேண்டும். 27,000 கோடிக்கும் மேல் சில்லறை வியாபாரம். களிமண்ணில் சிலை செய்கிறவர்களின் பங்கு 300 கோடிக்குள். மொத்தத்தை மட்டும் சொன்னால் ஜவுளிக்கடை தெரியும், குயவர் மறைந்துவிடுவார். நாம் எண்ணும்போது கலைஞரின் கைக்குப் போனது எவ்வளவு என்பதைத் தனியாக எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் இந்த வேலை பல வருடமாக நடக்கிறது. அமெரிக்கன்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு, லாப நோக்கமில்லாத கலை அமைப்புகளும் அவற்றின் பார்வையாளர்களும் சேர்ந்து 2022-இல் 15,170 கோடி டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தை இயக்கியதாகவும், அது 26 லட்சம் வேலைகளுக்கு ஆதாரமாக இருந்ததாகவும் கணக்குக் காட்டியது. நிகழ்ச்சிக்கு வந்தவர்களிடமே சின்னப் படிவம் கொடுத்துக் கேட்டதில், டிக்கெட் போக ஒருவர் சராசரியாக 38.46 டாலர் செலவழித்தார் என்று தெரிந்தது. நம் நோம்பிக்கு டிக்கெட்டே இல்லை. ஆனால் டீக்கடை, பூக்கடை, பலூன், ஆட்டோ, சவுண்டு சர்வீஸ் எல்லாவற்றுக்கும் அந்த ராத்திரிதான் வருமானம்.

அதைவிட எனக்குப் பிடித்தது பென்சில்வேனியாவில் 2004-இல் தொடங்கிய ஏற்பாடு. கலை அமைப்பு வருடத்துக்கு ஒருமுறை தன் வரவு செலவையும் நிகழ்ச்சி விவரத்தையும் ஒரே படிவத்தில் நிரப்பும். நிதி தருகிற பல நிறுவனங்களும் அதையே எடுத்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு துறைக்கும் ஒரு படிவம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கட்டம். பகல் முழுக்கத் தோட்டங்காட்டு வேலை செய்துவிட்டுச் சங்கத்தைப் பார்க்கிற ஆளால் அத்தனையையும் நிரப்ப முடியாது. நிதி தருகிறவர்கள் தங்களுக்குள் பேசி ஒரே படிவத்துக்கு வர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

"கலையை எண்ணிக்கையில் அளக்க முடியுமா தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரதப்புழை ஆற்றோரத்துப் பகவதி கோவில்களில் கூத்துக்கென்றே இருக்கும் கூத்துமாடத்தில், வரிசையாக 21 விளக்கு ஏற்றி, கம்பராமாயணப் பாட்டைச் சொல்லி விடிய விடிய நடத்துகிறார்கள். மலையாள மண்ணில் கம்பனின் தமிழ் இன்றும் வாயில் நிற்கிற இடம் அது. 2021-இல் இந்தக் கூத்துக் கலைஞர் ராமச்சந்திரப் புலவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் நள்ளிரவுக்கு மேல் போய்ப் பார்த்தால் எதிரே ஓர் ஆள்கூட இல்லாத ராத்திரிகள் உண்டு. பகவதி கேட்கிறாள் என்றுதான் அவர்கள் பாடுகிறார்கள். 'பார்வையாளர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் அங்கே பூஜ்ஜியம் எழுதினால் அது பொய்க்கணக்கு. கூத்துக்கு வழிபாடு கொடுத்த வீடுகள் எத்தனை, எத்தனை ராத்திரி நடந்தது, திரைக்குப் பின்னால் எத்தனை பேர், பாட்டு முழுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதினால் அந்தக் கலையின் உண்மை நிலை தெரியும். அளவுகோலைக் கலையை அறிந்தவர்களே வைக்க வேண்டும். நாம் ஒதுங்கி நின்றால் வேறு யாரோ வைத்த கோலில் நம்மை அளப்பார்கள்.

ஆகவே நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, ஊர், எந்த மாநிலம், யார் கூப்பிட்டார்கள், குழுவில் எத்தனை பேர், அவர்களின் வயது. பேசிய தொகை, கைக்கு வந்த தொகை இரண்டையும் எழுதுங்கள், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் வாழ்க்கை போகிறது. வண்டி வாடகை, சாப்பாடு, அலங்காரச் செலவு. புதிதாகக் கற்க வந்தவர் யாராவது உண்டா, கடைசியாக ஒருவர் வந்து சேர்ந்தது எப்போது? என்னைக் கேட்டால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். வருமானம் குறைந்த கலை தாக்குப்பிடித்துவிடும். பத்து வருடமாக ஒருவரும் கற்க வராத கலைக்கு நாள் நெருங்கிவிட்டது, அதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

பறையும் மேளமும் அடிக்கிறவர்கள் சாவு வீட்டு அடியையும் எழுதுங்கள். பண்பாட்டுப் படிவங்களில் அதற்கு இடம் இருப்பதில்லை. பல குடும்பங்களின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மானத்தோடு முடிவெடுத்த குழுக்களும் இருக்கின்றன. அந்த முடிவுக்கு அவர்கள் கொடுத்த விலையும் பதிவாகட்டும். கலைக்கு உதவி கேட்கும் மனுவில் இதைவிடக் கனமான வரி இருக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. ஆதார் எண், சாதி, போன் நம்பர், பேங்க் விவரம் எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், இவர் இவ்வளவு வாங்குகிறார் என்று ஊருக்குத் தெரிந்தால் அடுத்த நோம்பியில் அவருடைய கூலியை அடித்துப் பேசுவார்கள். பெயர் விவரம் குழுவின் நோட்டிலேயே இருக்கட்டும். வெளியே கூட்டுத்தொகை மட்டும் போகட்டும். விவரம் கொடுத்த கலைஞருக்கு அதன் முடிவைப் படித்துக்காட்ட வேண்டும். நம் திண்ணைகளில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனவர்கள் பலர், என்ன எழுதினோம் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு.

மத்தியக் கலாச்சார அமைச்சகம் 2023 ஜூலையில் 'மேரா காவ் மேரி தரோஹர்' (என் ஊர், என் மரபு) என்ற இணையதளத்தைத் தொடங்கி, ஊர் ஊராகக் கலை, விழா, உணவு விவரங்களைப் பதிவு செய்கிறது. உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். நம் கும்மியும் கூத்தும் அதில் எப்படி வந்திருக்கின்றன, வந்திருக்கின்றனவா என்று கமெண்டில் எழுதுங்கள். விடுபட்டிருந்தால் பஞ்சாயத்து வழியாகச் சேர்ந்தே மனுக் கொடுப்போம்.

எழுதத் தெரியாத மூத்த கலைஞர்கள் இருக்கும் குழுக்களுக்குப் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள் போய் எழுதிக் கொடுக்கலாம். மலையாளம் மட்டும் எழுதத் தெரிந்த பிள்ளைகளும் வரலாம், நோட்டு எந்த மொழியில் இருந்தாலும் எண் ஒன்றுதான். வர விருப்பமுள்ளவர்கள் ஊர்ப்பெயரோடு இன்பாக்ஸில் சொல்லுங்கள். எந்த ஊரில் எந்தக் குழு என்று பிரித்துத் தருகிறேன். நோம்பிக்குக் கம்பம் நடுவதற்குள் முடித்துவிடலாம்.