இலங்கைப் பெண்களின் வாக்குரிமை: ஆண்டு 1948 அல்ல, 1931

சுதந்திரம் கிடைத்த 1948க்குப் பிறகுதான் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை அப்படியே பகிர்ந்தும் வருகிறார்கள். அந்த ஆண்டு சரியல்ல.

பிரித்தானிய ஆட்சிக்காலத்து டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இலேயே பெண்கள் வாக்களித்தார்கள். அந்த அரசியலமைப்புக்கு அடித்தளமிட்ட டொனமூர் ஆணைக்குழு முதலில் பரிந்துரைத்தது 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும்தான். கடைசியில் ஆண்களைப் போலவே 21 வயது என்று சமமாக்கப்பட்டது. இது தானாகக் கிடைத்ததும் அல்ல. 1927இல் தொடங்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் ஆணைக்குழு முன் போய் நேரில் கேட்டார்கள். 1948 என்று எழுதும்போது அவர்களுடைய உழைப்பே மறைந்துபோகிறது, அதனால்தான் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. (மலையகத் தமிழர் பலரை வதிவிட நிபந்தனைகள் அப்போதே தடுத்தன. அது இருபாலாரையும் பாதித்த வேறொரு அநீதி.)

சரிபார்ப்பது எளிது. பாராளுமன்ற இணையதளத்தில் பெண் உறுப்பினர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் இரண்டு பெயர்களைப் பாருங்கள்: 1931இல் ருவன்வெல்ல இடைத்தேர்தலில் வென்ற அட்லின் மொலமுரே, அப்புறம் 1932இல் கொழும்பு வடக்கில் வென்ற நேசம் சரவணமுத்து. இருவரும் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தேர்வானது சுதந்திரத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பு. நூலகம் பக்கம் போகிறவர்கள் 1928இல் வெளியான டொனமூர் அறிக்கையில் வாக்குரிமை பற்றிய அத்தியாயத்தையும் புரட்டிப் பார்க்கலாம்.